அடிக்கும் கையும் பிடிக்கும் கையும்



பதுளையிலிருந்து பசறை செல்லும் வழியிலுள்ள தோட்டம் ஒன்றில் ஆலயத் திருவிழாவை முன்னிட்டு இளைஞர்களுக்கான கபடிப் போட்டி நடைபெற்றது. பெரட்டுக்களத்திற்குக் கீழே, தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய மைதானம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய்மார் கூடையோடு நின்று பார்த்தார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருந்தபோது, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பாடிச் சென்றான். அவசரப்பட்டு ஓரடி கூடுதலாக உள்ளே வைத்தான், பிடிபட்டான், அவனது அணி தோற்றது.

தலை குனிந்து வெளியே வந்த அவனை நோக்கி அவனுடைய பயிற்றுநர் நடந்து சென்றார். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் அவர். அவர் பிடியில் சிக்கியவர் கோட்டைத் தொட்டதில்லை என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் கையால் அவர் சிறுவனின் கன்னத்தில் அறைந்தார். என் பக்கத்தில் நின்றிருந்த சிறுவனின் தந்தை, "இன்னும் ரெண்டு போடுங்க மாஸ்டர்" என்று உரக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடிச்சாத்தானே சுவாமி வளருவான்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பரிசுகளை வழங்கினேன், இறுதி ஆசீர் அளித்தேன், பங்கு இல்லத்திற்குத் திரும்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த அறையைவிட என் மௌனமே என்னை அதிகமாக வருத்தியது. வலிமையான ஆட்டக்காரர் ஒருவர் பயிற்றுநராக மாறும்போது, அவருடைய கைகளிலுள்ள வலிமை என்ன ஆக வேண்டும்? இக்கேள்வியை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கபடி நமக்கு அந்நியமான விளையாட்டு அன்று. நம் பாட்டன்மார் விட்டு வந்த தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் அதனைச் சடுகுடு என்று அழைத்தார்கள். அந்தத் தஞ்சை மண்ணிலுள்ள திருச்சனம்பூண்டி என்னும் ஊரில் 1975ஆம் ஆண்டு பிறந்தவர் தர்மராஜ் சேரலாதன். அவர் பாடிச் சென்று புள்ளி சேர்ப்பவர் அல்லர். பாடி வருபவரை மடக்கும் தற்காப்பு ஆட்டக்காரர். இந்தியாவில் புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டு தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெரும்பாலான வீரர்கள் ஓய்வு பெற்று வீடு திரும்பும் வயதில் அவர் அந்தப் புதிய களத்தில் காலடி வைத்தார்.

2016ஆம் ஆண்டு ஜூலையில், தம் 41ஆம் வயதில், பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராக நின்று கிண்ணத்தை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். அந்த அணி முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 32க்கு 34 என்ற கணக்கில் தோற்றது. எனினும் மீண்டெழுந்து, இறுதி ஆட்டத்தில் இடைவேளை வரை பின்தங்கியிருந்தும், ஈரானை 38க்கு 29 என வென்றது. 2019ஆம் ஆண்டு 44 வயதில் அவர் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். தமக்குப் பாதி வயதே ஆன இளைஞர்களோடு தோள் கொடுத்து ஆடிய அவரை, மொழி வேறுபாடின்றி எல்லாரும் 'அண்ணா' என்றே அழைத்தனர். 2024ஆம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணி அவரை வியூகப் பயிற்றுநராக அமர்த்தியது.

இந்த மாற்றத்தைச் சற்று ஆழ்ந்து பாருங்கள். வாழ்நாள் முழுவதும் கைகளால் உழைத்த ஒருவர் கோட்டுக்கு வெளியே அமர்கிறார். இனி எதிராளியை அவர் தொட முடியாது; தம் அணியின் இளைஞன் தவறு செய்யும்போது உள்ளே ஓடிச் சென்று அவனுக்காகப் பிடிக்கவும் முடியாது. தம்மிடமிருந்த வலிமையைச் சொல்லாகவும் பொறுமையாகவும் மாற்றி, மற்றொருவனின் கைகளில் ஒப்படைப்பது ஒன்றே அவருக்கு எஞ்சியுள்ள பணி. அந்தப் பணிக்கு உடனே பலன் கிடைக்கும் என்பதும் உறுதியில்லை. அந்தப் பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணி முன்னணி ஆறு அணிகளுக்குள் இடம்பெறவில்லை. பயிற்றுநரின் உழைப்பு வெற்றிக் கிண்ணத்தில் மட்டும் அளக்கப்படுவதன்று.

கபடியின் விதிகளே நமக்கு ஒரு மறையுரை என்று எனக்குத் தோன்றுகிறது. அது முரட்டு விளையாட்டு என்று நினைக்கிறோம். ஆனால் அதில் அடிக்க இடமில்லை. பாடி வருபவரின் கை கால்களையோ உடலின் நடுப்பகுதியையோ பிடிக்கலாம். முடியையோ உடையையோ பற்றி இழுக்கலாகாது. அவர் வாயைப் பொத்தியோ கழுத்தை நெரித்தோ அவர் பாடுவதை நிறுத்தலாகாது. காயம் விளைவிக்கும் முரட்டுப் பிடியும் கூடாது. எதிரணியில் நிற்பவனுக்கே இந்த விதிகள் இத்தனை பாதுகாப்பு அளிக்கின்றன. அப்படியானால் சொந்த அணியின் சிறுவனுக்கு, அதுவும் ஆட்டம் முடிந்த பின்னர், அறை விழலாம் என்பது எந்த விதி?

இன்னொரு விதியும் உண்டு. கபடியில் பிடிபட்டவர் வெளியே சென்று அமர்ந்துவிடுகிறார். ஆனால் அவருடைய ஆட்டம் முடிந்துவிடவில்லை. அவர் அணியினர் எதிராளி ஒருவரை மடக்கிப் பிடித்தால், வெளியே இருப்பவர்களுள் முதலில் சென்றவர் முதலாவதாக உள்ளே திரும்புகிறார். உள்ளே நிற்பவர் உறுதியாகப் பிடிக்கும் ஒவ்வொரு பிடியும் வெளியே இருக்கும் ஒரு சகோதரனுக்கு மறுவாழ்வு தருகிறது. புரோ கபடியில் மூவரோ அதற்குக் குறைவானவர்களோ எஞ்சி நிற்கும் வேளையில் பிடித்தால் மேலதிகமாக ஒரு புள்ளியும் உண்டு. தளர்ந்திருக்கும் வேளையில் காட்டும் உறுதிக்கு மதிப்பு அதிகம். உயிர்ப்பின் மக்களாகிய நமக்கு இதைவிடத் தெளிவான பாடம் விளையாட்டுத் திடலில் கிடைக்குமா?

இதே கேள்வி கடல் கடந்த நாடுகளிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவில் ஆடப்படும் கால்பந்தாட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை மோதி வீழ்த்தும் ஆட்டம் அது. அதில் மைக் சிங்கிள்டரி என்பவர் சிகாகோ பேர்ஸ் அணியின் தற்காப்பு வீரராகப் பெரும் புகழ் பெற்றார். ஒரு போதகரின் மகனாகிய அவர் மோதினால் தலைக்கவசம் உடையும் என்று சொல்லும் அளவுக்கு வலிமையானவர். 1986ஆம் ஆண்டு ஜனவரியில் அவருடைய அணி அந்நாட்டின் உச்ச வெற்றியான சூப்பர் பவுலை வென்றது. பின்னர் 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் சான் பிரான்சிஸ்கோ அணியின் தலைமைப் பயிற்றுநரானார்.

தலைமைப் பயிற்றுநராக அவர் நின்ற முதல் ஆட்டத்திலேயே, வெர்னன் டேவிஸ் என்னும் அவரது இளம் வீரர் எதிரணி வீரர் ஒருவரின் முகக்கவசத்தில் கையால் அடித்து அணிக்குத் தண்டனை பெற்றுத் தந்தார். சிங்கிள்டரி அவர்மீது கை வைக்கவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவரைக் களத்தைவிட்டு உடைமாற்றும் அறைக்கு அனுப்பினார். பிறகு செய்தியாளர் முன்னிலையில் அவரைக் கடுமையாகக் கண்டித்தது தேவைதானா என்று நாம் கேட்கலாம். என் மனம் அதை ஏற்கவில்லை. ஆனால் அவரைக் கைவிடவில்லை. அணியிலே வைத்துப் பயிற்றுவித்தார். அடுத்த ஆண்டே டேவிஸ் தம் இடத்தில் ஆடுபவர்களின் அன்றைய சாதனைக்கு இணையாக 13 முறை பந்தை எல்லைக்கு அப்பால் சேர்த்தார். அந்த நாளே தம்மை மாற்றியது என்று பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். சிங்கிள்டரியோ தோல்விகள் மிகுந்ததால் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் பதவி இழந்தார். ஆயினும் ஒருவனைத் திருத்த அவன் மேனியைத் தொட வேண்டியதில்லை என்பதற்கு அந்த நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது.

வாசகர்களே, நான் பிறரைக் குறை கூற வரவில்லை. குருமாணவனாக இருந்த நாட்களில், வார இறுதியில் தோட்டமொன்றுக்கு மறைக்கல்வி கற்பிக்கச் செல்வேன். விசுவாச அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத ஒரு சிறுவனின் உள்ளங்கையில் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அமர்ந்தான். மறுவாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: அவன் தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குச் சென்றிருந்தார், தம்பி தங்கையருக்குச் சமைத்து ஊட்டிவிட்டு அவன் வகுப்புக்கு ஓடி வந்திருந்தான். தந்தையாம் கடவுளை நம்புகிறேன் என்று சொல்லிக் கொடுக்கச் சென்ற நான், அந்தத் தந்தையின் முகத்தை அவனுக்கு எப்படிக் காட்டினேன்? இன்றுவரை இதற்கு என்னிடம் விடையில்லை.

நம் மலையகத்தில் இந்தப் பிரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்த காலத்தில், கூலியாள் என்பவன் கோலுக்குத்தான் பணிவான் என்று எண்ணிய நிருவாகம் இருந்தது. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையைவிட்டு நீங்குவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்தத் தண்டனை விதிகள் 1920களின் தொடக்கத்தில் நீங்கின. வெள்ளைத் துரைமாரும் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கோல் மட்டும் லயத்துக் கூரையின் இடுக்கில் தங்கிவிட்டதோ என்று எனக்கு ஐயம் எழுவதுண்டு. நம்மைத் தாழ்த்திய கோலை நாமே எடுத்து நம் பிள்ளைகள்மேல் ஓங்குவது எவ்வளவு பெரிய துயரம்!

நாட்டின் சட்டமும் இன்று நமக்கு வழிகாட்டுகிறது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் நமது உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அங்கே மீறப்பட்டது என்று அது தீர்மானித்தது. கன்னத்தில் விழும் ஓர் அறை சிறிய செயல் அன்று. அது ஒரு பிள்ளையின் வாழ்நாளையே மாற்றிவிடக்கூடும்.

இங்கே சிலர் திருவிவிலியத்தையே எனக்கு எதிராக எடுத்துக் காட்டுவர். பிரம்பைக் கையாளாதவர் தம் மகனை வெறுக்கிறார் என்னும் கருத்தை நீதிமொழிகள் நூல் கூறுகிறதே என்பர். உண்மைதான், கண்டித்து வளர்க்காத அன்பு முழுமையான அன்பாகாது என்பதை அந்நூல் வலியுறுத்துகிறது. ஆனால் அதே விவிலியத்தின் இருபத்து மூன்றாம் திருப்பாடலில் ஆயரின் கோல் ஆட்டுக்கு ஆறுதலாக இருக்கிறது. தன்னை அடிக்கும் கோல் எந்த ஆட்டுக்கு ஆறுதல் தரும்? தந்தையர் பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டலாகாது என்று எபேசியருக்கும், அவர்கள் மனந்தளர்ந்துபோவார்கள் என்று கொலோசையருக்கும் எழுதிய அறிவுரைகளையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். கண்டிப்பு வேண்டும், ஒழுங்கு வேண்டும், தவறு செய்த வீரனை ஓர் ஆட்டத்திற்கு வெளியே அமர்த்துவதும் தகும். அடிப்பதோ கண்டிப்பின் இடத்தை அபகரித்துக்கொள்ளும் ஒரு குறுக்கு வழி.

திருத்தூதர் பவுலை நினைத்துப் பாருங்கள். சவுலாக இருந்த காலத்தில் அவர் உண்மையிலேயே அடித்தவர். தொழுகைக்கூடங்களில் நம்பிக்கை கொண்டோரைச் சிறைப்படுத்தியும் அடித்தும் வந்ததை அவரே திருத்தூதர் பணிகள் நூலில் அறிக்கையிடுகிறார். தமஸ்கு செல்லும் வழியில் ஆண்டவர் அவரை மடக்கினார். அதன் பின் நிகழ்ந்தது என்ன? பார்வை இழந்த அவரைப் பிறர் கைப்பிடித்து ஊருக்குள் அழைத்துச் சென்றனர். எல்லாரும் அவரைக் கண்டு அஞ்சி ஒதுங்கியபோது, பர்னபா அவரைத் திருத்தூதர்களிடம் கூட்டிச் சென்றார். அடித்த கையைச் சிலர் பிடித்துக்கொண்டதால்தான் திருச்சபைக்கு ஒரு பவுல் கிடைத்தார்.

அந்தப் பவுல் பிற்காலத்தில் திமொத்தேயு போன்ற இளைஞர்களைப் பயிற்றுவித்தார். விளையாட்டுத் திடலின் ஓட்டத்தையும் பயிற்சியையும் உவமையாக்கிக் கற்பித்தார். குழப்பம் மிகுந்த கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதும்போது, நான் உங்களிடம் வருவது பிரம்போடா அல்லது அன்போடும் கனிவோடுமா என்னும் பொருள்படக் கேட்கிறார். அந்தக் கேள்விக்குச் சற்று முன்னர்தான், அவர்களுக்கு ஆசான்கள் ஆயிரம் இருக்கலாம், தந்தையர் பலர் இல்லை என்று அவர் வருந்தியிருந்தார். பிரம்பின் வலிமையை நன்கறிந்த ஒருவரே அப்படிக் கேட்கிறார் என்பதே இதன் ஆழம்.

நம் ஆண்டவரும் தம் சீடர்களுக்குப் பயிற்றுநராக இருந்தார். பேதுரு கடலில் நடக்கத் தொடங்கி, காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கிய வேளையை எண்ணுங்கள். இறுதி நேரத்தில் தவறிய ஆட்டக்காரரின் நிலைதான் அது. இயேசு உடனே கையை நீட்டி அவரைப் பிடித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். நம்பிக்கைக் குறைவைக் கடிந்துகொண்டது பிடித்த பிறகுதான். முதலில் பிடி, பின்பு சொல்: இந்த வரிசையை நாம் மாற்றிவிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், நான் அந்தப் பயிற்றுநரின் லயத்து வீட்டுக்குச் சென்றேன். பிளேன்டீ கொடுத்தார். அன்று பேசாமல் இருந்ததற்காக முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். என் பிரம்புக் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னையும் அப்படித்தான் சுவாமி பழக்குனாங்க. வேற மாதிரி பழக்க எனக்குத் தெரியாது" என்றார். அவரைத் தீயவர் என்று நான் கருதவில்லை. தோட்ட வேலை முடிந்து வந்து, ஊதியம் எதுவுமின்றி, இருட்டும்வரை பிள்ளைகளோடு நிற்பவர் அவர். அவருக்கும் ஒரு காலத்தில் கைகொடுக்க யாரும் இருந்ததில்லை. அந்தச் சிறுவனை அழைத்துப் பேசுவதாகச் சொன்னார். இதை எழுதும் நாள் வரை அவன் பயிற்சிக்குத் திரும்பவில்லை. வெளியேதான் அமர்ந்திருக்கிறான். அவனை உள்ளே கொண்டுவரும் பிடியை நம்முள் யாரேனும் ஒருவர் பிடித்தாக வேண்டும்.

எனவே ஊவாவின் தோட்டங்களில் பிள்ளைகளைப் பழக்கும் பயிற்றுநர்களே, ஆசிரியர்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோற்று வரும் பிள்ளையிடம் முதலில் கையை நீட்டுங்கள். தவறைப் பற்றிய பேச்சு மறுநாள் பயிற்சிவரை காத்திருக்கட்டும். கோபம் மிகுந்தால் சேரலாதன் பயிற்றுநராக அமர்ந்த இடத்தில், கோட்டுக்கு வெளியே, சிறிது நேரம் அமர்ந்திருங்கள். அருகில் ஒருவர் பிள்ளையை அடிக்கக் கண்டால், நான் இருந்ததுபோல் மௌனமாய் இராதீர்கள்; அடிபட்டவனையும் அடித்தவரையும் தேடிச் செல்லுங்கள். இரவு செபத்தின்போது, உங்கள் கை அண்மையில் யார்மேல் பட்டது, எப்படிப் பட்டது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். மூழ்கிய பேதுருவைப் பற்றிக்கொண்ட ஆண்டவர், நம் கைகளையும் பிடிக்கும் கைகளாக்கி அருள்வாராக.